புது வீட்டுக்குக் கரண்ட்: சுவர் பூசுமுன் யோசிப்போம்



நாங்கள் கல்முனைக் கரையிலிருந்து வந்திருக்கிறோம். வயரிங் வேலைதான் எங்கள் தொழில். லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போகவிருக்கும் உங்களோடு கரண்ட் விஷயமாகக் கொஞ்சம் கதைக்கச் சொன்னார்கள்.

எங்கள் பக்கம் மகளுக்குக் கல்யாணம் என்றால் முதலில் வீடு. தாய் தகப்பன் கட்டிக்கொடுக்கும் வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை வருவார். நாள் நெருங்க நெருங்க வேலை ஓட்டமாகும். சல்லியும் முடிகிற நேரத்தில் எங்களைக் கூப்பிட்டு, "தம்பி, இப்போதைக்கு அறைக்கு ஒரு லைட், ஒரு பிளக் போதும். மத்ததப் பொறகு பாப்பம்" என்பார்கள். பூசின சுவரைப் பிறகு யார் உடைப்பது?

2004 டிசம்பர் 26இல் கடல் அடித்த பின், மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கம் எழும்பிய புது வீடுகளிலும் இதைத்தான் கண்டோம். பிரிட்ஜும் கிரைண்டரும் வந்ததும் பிளக் போதவில்லை. நீட்டு வயர் பாய்க்குக் கீழால் ஓடியது. லயத்தில் ஒரு காம்பராவிலிருந்து அடுத்ததுக்கு வயர் இழுப்பதும் இதே கதைதானே. ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு முழு வரிசையையும் கொண்டுபோவதை உங்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

ஆகவே சுவர் பூசுமுன் கரித்துண்டால் குறி போடுங்கள். அடுப்படி எங்கே, பிள்ளை படிக்கும் மேசை எங்கே? மருதமுனையில் தறி வைத்திருப்போர் தறிக்கு நேர் மேலே லைட் கேட்டு வாங்குவார்கள். இழை தெரியணுமே!

கணக்கு லேசானது. நமது கரண்ட் 230 வோல்ட். 15 அம்பியர் இணைப்பு என்றால் 3450 வொட் வரைதான். கேத்தல் 2000, அயன் 1000, சோற்றுக் குக்கர் 700 என்று ஒரே நேரத்தில் போட்டால் மிஞ்சிவிடும். எல்.ஈ.டி. பல்ப் 9 வொட்தான். சூடாக்கும் சாமான்தான் கரண்டைக் குடிக்கும். கைக்கு முடிந்தால் 30 அம்பியர் கேளுங்கள். லைட்டுக்கு 1 சதுர மில்லிமீற்றர் கம்பி, 13 அம்பியர் பிளக்குக்கு 2.5. லைட் கம்பியிலிருந்து கிளை எடுத்துப் பிளக் போட விடாதீர்கள்.

இனி எர்த். சல்லி குறைக்க நினைப்பவர் முதலில் கை வைப்பது இதில்தான். எங்கள் ஊரில் மணல்; கோடையில் மேல் மணல் காய்ந்தால் கரண்ட் நிலத்துக்குள் இறங்காது. அதனால் ஈரமணல் வரை கோலை இறக்குகிறோம். உங்கள் மலையில் கல் தடுக்கும். தடுத்தால் கோலை வெட்டாதீர்கள், இரண்டடி தள்ளி அடியுங்கள். முன்பு இரும்புத் தண்ணிக் குழாயில் எர்த் கட்டினார்கள். இப்போது குழாய் பி.வி.சி.; அதில் கட்டினால் ஒன்றுமே இல்லை.

எர்த்தோடு ட்ரிப் சுவிட்சும் வேண்டும். போகிற கரண்டுக்கும் திரும்புகிற கரண்டுக்கும் 30 மில்லி அம்பியர் வித்தியாசம் வந்தால் அது விழும். ஈரக் கையோடு கிணற்று மோட்டரைத் தொட்டவரைக் காப்பாற்றுவது அதுதான். மழைக்கு அடிக்கடி விழுகிறதென்று, அதை விலக்கி நேரே கொழுவச் சொல்வோர் உண்டு. நாங்கள் செய்வதில்லை. எங்கோ ஒழுகுகிறது என்றுதானே அது விழுகிறது? ஒழுக்கைத் தேடுங்கள். மாதம் ஒருமுறை அதன் 'டெஸ்ட்' பொத்தானை அமுக்கிப் பாருங்கள். விழாவிட்டால் மாற்றவேண்டும்.

இன்னொன்று. குழாய் பதித்ததும், பூசுமுன், ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு சாமிப்படம் மாட்ட ஆணி அடிக்கும்போது எந்த இடத்தில் அடிக்கக்கூடாதென்று தெரியும்.