மடை மாற்றும் கலை

(கிளாவரையில் நடைபெற்ற இலக்கியக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கிளைக்கதைகளும் பாத்திரங்களும் மிகுந்த கற்பனையுலகப் புதினத்தை எவ்வாறு கட்டிக் காப்பது என்பது எனக்களித்த தலைப்பு. இதில் பேச எனக்குள்ள தகுதி ஒன்றே: அப்படி ஒன்றை எழுதப் புகுந்து தோற்றவன் நான். 6 நாடுகள், 43 பாத்திரங்கள். மலைநாட்டரசி ஒருத்தியைச் சிறையில் அடைத்துவிட்டு, 100 பக்கங்கள் அவளை அடியோடு மறந்துபோனேன்!

அதன் பிறகே 'பொன்னியின் செல்வ'னை அதன் கட்டுக்கோப்புக்காகப் படித்தேன். அது வரலாற்றுப் புதினந்தான். ஆயினும் சிக்கல் ஒன்றே. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் 'கல்கி' இதழில் வெளிவந்த கதை அது. பல வாரம் கழித்துத் திரும்பும் பாத்திரத்தை வாசகர் உடனே இனங்காண வேண்டும். எனவே பெரிய பழுவேட்டரையருக்கு 64 விழுப்புண்கள். ஆழ்வார்க்கடியானுக்குக் கைத்தடியும் சமயச் சண்டையும். பூங்குழலிக்குப் படகும் பாட்டும்.

அதனினும் பெரிது, வந்தியத்தேவனைத் தூதனாக்கியது. காஞ்சியிலிருந்து ஓலை கொண்டு தஞ்சைக்கும் பழையாறைக்கும், பின்னர் குந்தவையின் ஓலையுடன் ஈழத்துக்கும் போகிறான். அவன் போகுமிடமெல்லாம் நாமும் போகிறோம். புதியவர்களை அவனோடு சேர்ந்தே அறிகிறோம். என் கதையில் 6 நாடுகளுக்கும் நடுவே ஓலை கொண்டு ஓட ஒருவனும் இல்லை.

இன்று காலை இவ்வூரில் பெரியவர் ஒருவர் பூண்டுப் பாத்திக்கு நீர் பாய்ச்சக் கண்டேன். பாத்தி நிரம்பி வழியும்வரை அவர் காத்திருக்கவில்லை. நிரம்பும் தறுவாயில் மண்வெட்டியால் ஒரு கொத்து. நீர் அடுத்த பாத்திக்குத் திரும்பிவிட்டது. கல்கியும் அவ்வாறே ஓரிடத்து ஆவல் தணியுமுன் மடையை மாற்றுகிறார். நானோ வரப்பு உடையுமட்டும் ஒரே பாத்தியில் நின்றேன்.

அவரும் எல்லா மடையையும் அடைத்தாரில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் எவர் என்பது தெளிவாகாமலே கதை முடிகிறது. பாத்திரங்கள் பின்னர் என்னவாயினர் என்று வாசகர் கேட்க, முடிவுரை எழுதி விடை கூற நேர்ந்தது. அதைக் குறையென்று நான் கருதவில்லை. கதை முடிந்த பின்னும் ஒருவரைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றால் அவர் கூட்டத்தில் தொலைந்துபோகவில்லை என்றுதானே பொருள்? என் அரசியைப் பற்றி, கையெழுத்துப் படியைப் படித்த நண்பர்கள் எவரும் கேட்கவில்லை.

கற்பனையுலகில் இடர் இன்னும் மிகுதி. அருள்மொழிவர்மன் பின்னாளில் இராஜராஜனாவான் என்பதை வாசகர் அறிவர். நாம் படைத்த நாட்டில் அவருக்குத் தெரிந்த பெயர் ஒன்றேனும் இராது. 1997இல் வெளிவந்த ஜெயமோகனின் 'விஷ்ணுபுர'த்தில் கற்பனைக் கோயில் நகரம் ஒன்றே பல தலைமுறை மாந்தரையும் பிணைத்து நிற்கிறது.

என் புதினத்தை மீண்டும் தொடங்கியிருக்கிறேன். இப்போது 11 பேர். அரசியைச் சிறையிலிருந்து மீட்டு, அவளிடமே ஓலையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.