எந்த வேலைக்கு எந்தக் கண்ணாடி?



வண்டிப்பெரியாரில் தேயிலைத் தோட்டங்கள் அதிகம். கொழுந்து எடுப்பது மட்டும் தோட்ட வேலை அல்ல. கவ்வாத்து வெட்ட வேண்டும். களை வெட்ட வேண்டும். மருந்தடிக்க வேண்டும். இந்த மூன்று வேலையிலும் கண்ணுக்கு ஆபத்து உண்டு.

கவ்வாத்து வெட்டும்போது சிராய் தெறிக்கும். கண்ணில் சின்னக் கீறல்தான் விழும். தொழிலாளி கண்ணைக் கசக்கிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுவார். சில நாளில் கண் சிவக்கும். கருவிழியில் வெள்ளையாகப் புண் தெரியும்.

மலைக்குக் கீழே மதுரையில் இதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார்கள். 1994-இல் முதல் மூன்று மாதங்களில் அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு 434 பேர் வந்தார்கள். அவர்களில் 284 பேருக்கு அதற்கு முன் கண்ணில் அடிபட்டிருந்தது. பலருடைய புண்ணில் பூஞ்சை இருந்தது. செடியிலும் மண்ணிலும் உள்ள பூஞ்சை, கீறல் வழியே கருவிழிக்குள் போகிறது. புண் ஆறினாலும் தழும்பு நிற்கும். பார்வை மங்கும். எண்ணெய், தாய்ப்பால் என்று கண்ணில் விட்டு நாளைக் கடத்தக் கூடாது. உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

கீறலைத் தடுக்கக் கண்ணாடி போட வேண்டும். எந்தக் கண்ணாடி?

சாதாரணக் கண்ணாடியில் எளிதில் கீறல் விழாது. மருந்தும் அதை அரிக்காது. ஆனால் கனம் அதிகம். கல் பட்டால் உடையும். உடைந்த சில்லே கண்ணைக் குத்திவிடும்.

பாலிகார்பனேட் என்பது ஒருவகைப் பிளாஸ்டிக். 1953-இல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள். எடை குறைவு. கல் பட்டாலும் எளிதில் உடையாது. கவ்வாத்து வெட்டுகிறவருக்கும் மிஷினால் புல் வெட்டுகிறவருக்கும் இதுவே நல்லது.

இதற்கும் ஒரு குறை உண்டு. சீக்கிரம் கீறல் விழும். சேலைத் தலைப்பால் அப்படியே துடைத்தால், ஒட்டியிருக்கும் தூசியே அதைக் கீறிவிடும். பிறகு எல்லாம் மங்கலாகத் தெரியும். தொழிலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார். நெற்றிக்கு எதற்குக் கண்ணாடி? முதலில் தண்ணீரில் அலச வேண்டும். பிறகு மெல்லிய துணியால் ஒற்ற வேண்டும். தின்னர், பெட்ரோல் தொடவே கூடாது.

கம்பி வலை வைத்த கண்ணாடியும் உண்டு. அதில் ஆவி படியாது. சிராயைத் தடுக்கும். மருந்துச் சாரலைத் தடுக்காது. மருந்தடிக்கிறவருக்கு, முகத்தோடு ஒட்டி நிற்கும் மூடிய கண்ணாடி வேண்டும். அதன் காற்றுத் துளைகள் மறைவாக இருக்க வேண்டும். நேராக இருந்தால் மருந்து உள்ளே வந்துவிடும்.

வண்டிப்பெரியாரில் மழையும் மூடுபனியும் அதிகம். மூடிய கண்ணாடியில் ஆவி படியும். ஆவி படியாத பூச்சுள்ள கண்ணாடியைக் கேட்டு வாங்க வேண்டும். உள்பக்கத்தை அழுத்தித் தேய்த்தால் அந்தப் பூச்சு போய்விடும்.

யாரிடம் கேட்பது? நிர்வாகத்திடம்தான். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-இல் வந்தது. 2010-இல் அதைத் திருத்தினார்கள். மருந்தைக் கையாளும் தொழிலாளிக்குப் பாதுகாப்பு உடையும் சாதனமும் நிர்வாகம் தர வேண்டும் என்று சேர்த்தார்கள். 2020-இல் இயற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தோட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஐ.எஸ். 5983 என்பது கண் பாதுகாப்புச் சாதனத்துக்கான இந்தியத் தர எண். கண்ணாடியிலோ பெட்டியிலோ அந்த எண் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

மருந்து கண்ணில் தெறித்தால் கசக்காதீர்கள். இமையை விரித்து, சுத்தமான தண்ணீரால் 15 நிமிடமாவது கழுவுங்கள். பிறகு மருத்துவரிடம் போங்கள். மருந்து டப்பாவின் லேபிளையும் எடுத்துப் போங்கள்.