வைத்தியரைக் கேள்வி கேட்கலாமா?

(மாடம்பாக்கத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கோவிலைப் பற்றியதுமல்ல, புராணத்தைப் பற்றியதுமல்ல. வைத்தியரிடம் போகிற ஒருவன், "இந்த மருந்தால் எனக்கு என்ன நன்மை? என்ன கெடுதி வரக்கூடும்?" என்று கேட்கலாமா, கேட்டால் அவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவரா என்பதுதான். இது என்ன பிரமாதமான விஷயம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இதில் உயிர் போகிற சங்கதியும் இருக்கிறது, மானம் போகிற சங்கதியும் இருக்கிறது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறோம். நாம் டாக்டர்களுக்கு விரோதிகள் அல்ல. பெரியம்மை இந்த நாட்டை விட்டு ஒழிந்தது ஊசியினாலேயொழிய வேப்பிலையினால் அல்ல. ஆனால், பூசாரியை விட்டு டாக்டரிடம் வந்தவன், அங்கும் கைகட்டி வாய் பொத்தி நிற்பானேயானால், அவன் ஆளை மாற்றினானே தவிர புத்தியை மாற்றவில்லை என்றுதான் சொல்லவேண்டும். "டாக்டர் தெய்வம் மாதிரி" என்கிறார்கள். கேள்வி கேட்கக் கூடாதென்று வைத்திருப்பது தெய்வத்தைத்தானே! மனிதரை எதற்காக அந்த இடத்தில் கொண்டுபோய் வைக்கவேண்டும்?

இந்தப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர், பெயர் வேண்டாம். அவருக்கு க்ஷயரோகம் என்று கண்டு ஆறு மாதத்திற்கு மாத்திரை கொடுத்தார்கள். எந்த இடத்தில் என்பதும் வேண்டாம். இரண்டு நாளில் மூத்திரம் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்தாராம். ரத்தந்தான் போகிறது என்று பயந்து மாத்திரையைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார். "போய்க் கேட்டீரா?" என்றோம். "பெரியவங்களைப் போய் எப்படிங்க கேட்கிறது?" என்றார்.

தோழர்களே! அது ரத்தமும் அல்ல, ஒன்றும் அல்ல. ரிபாம்பிசின் என்கிற அந்த மருந்தின் நிறம். வேர்வையிலும் கண்ணீரிலும் கூட அந்த நிறம் வரும், அதனால் கெடுதியில்லை. இதைச் சொல்ல அரை நிமிஷம் போதும். இன்னொரு அரை நிமிஷத்தில், "கண் மஞ்சளாகி, சாப்பாடு பிடிக்காமல் வாந்தி வந்தால் அது ஈரலைப் பற்றிய சங்கதி, உடனே ஓடி வா, சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரியாமல் பார்வை மங்கினாலும் ஓடி வா, சாராயத்தைத் தொடாதே" என்றும் சொல்லியிருக்கலாம். இன்னும் ஒன்று: சில வாரத்திலேயே இருமல் குறைந்து, உடம்பு தேறினாற்போல் இருக்கும். அப்போது மருந்தை நிறுத்தினால், மிஞ்சின கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாகிவிடக்கூடும். பிறகு வைத்தியம் அதிகக் கஷ்டம், அதிகக் காலம். இவ்வளவையும் சொல்லாமல் மாத்திரையை மட்டும் கொடுப்பது பாதி மருந்து கொடுத்ததற்குத்தான் சமானம்.

ஏன் சொல்லுவதில்லை என்று கேட்டால், நேரமில்லை என்பார்கள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் அதில் நிஜமும் இருக்கிறது. ஆனால் இரண்டாவதாக ஒரு சமாதானம் சொல்லுகிறார்களே, "சொன்னால் இவர்களுக்குப் புரியாது" என்று, அதைத்தான் நாம் சும்மா விடமுடியாது.

டில்லியில் 1995-ல் நடந்த ஒரு சங்கதி. 44 வயதுள்ள, கலியாணமாகாத ஒரு பெண்மணி, தீட்டு நிற்காமல் போகிறதென்று ஒரு டாக்டரிடம் போனார். மயக்கம் கொடுத்து உள்ளே கருவியை விட்டுப் பரிசோதிக்கச் சம்மதித்தார். அவர் மயக்கத்தில் கிடக்கும்போதே, வெளியிலிருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரையில் போயிற்று. 2008 ஜனவரியில் கோர்ட் சொன்னதாவது: பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் சம்மதமாகாது, உயிரையோ உடல்நலத்தையோ காக்க உடனே செய்தாகவேண்டுமென்றால்தான் விலக்கு, புத்தி சுவாதீனமுள்ள பெரியவருக்காகத் தாய் சம்மதிக்க முடியாது, வைத்தியம் என்ன, எதற்கு, என்ன நன்மை, என்ன முக்கியமான அபாயம், வேறு வழி உண்டா, வேண்டாமென்றால் என்ன ஆகும் என்பவைகளைச் சொல்லிப் பெறுவதுதான் சம்மதம். நல்ல எண்ணத்தோடு செய்த ஆபரேஷன் என்பதை ஒப்புக்கொண்டும், 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

இவ்வளவும் சரி. ஆனால் அதே தீர்ப்பில், அமெரிக்காவில் எதிர்பார்க்கிற அளவுக்கு இங்கே விவரம் சொல்ல வேண்டியதில்லை என்றும், அதற்குக் காரணமாக, இந்நாட்டு நோயாளிகளில் பெரும்பாலோர் ஏழைகள், எழுத்தறிவு குறைந்தவர்கள், வைத்திய விஷயம் விளங்கிக்கொள்ள மாட்டாதவர்கள் என்றும் இருக்கிறது. தோழர்களே, இது நமக்குப் புதிய பேச்சா? உனக்குப் படிப்பு வராது, புரியாது என்று எத்தனை நூற்றாண்டு கேட்டிருக்கிறோம்! சொல்லாமலே இருந்துவிட்டு, தெரியாதவன் என்றால் என்ன நியாயம்?

மழை வருமா வராதா என்று தெரியாமலே விதையை மண்ணில் போடுகிறவனுக்கா அபாயம் என்றால் புரியாது? மாடு பிடிக்கப் போகிறவன் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து (சுழி பார்ப்பது முட்டாள்தனம், அது வேறு), கறந்து பார்த்து, செத்துப்போனால் கடனை யார் கட்டுவது என்பது வரையில் யோசிக்கிறான். அவனிடம் மருந்தின் லாப நஷ்டத்தைத் தமிழில் சொன்னால் ஏன் புரியாது?

ஏழையை நம்ப முடியாது என்ற பேச்சுக்கு நம் சென்னையிலேயே ஒரு பதில் உண்டு. பக்கத்தில் தாம்பரம் சானடோரியம் இருக்கிறதே, 1928-ல் டாக்டர் முத்து ஆரம்பித்தது, அந்தக் காலத்தில் க்ஷயத்திற்கு நல்ல காற்றும், படுக்கையும், சத்துணவுமே வைத்தியம் என்று பெரிய பெரிய டாக்டர்களெல்லாம் நம்பினார்கள். மருந்து வந்த பிறகும், குடிசையில் இருக்கிறவன் வீட்டிலேயே மாத்திரை சாப்பிட்டுப் பிழைப்பானா என்று சந்தேகம். 1956-ல் சேத்துப்பட்டில் ஒரு நிலையம் ஏற்படுத்தி, ஒரு பகுதி நோயாளிகளைச் சானடோரியங்களுக்கும், ஒரு பகுதியை அவரவர் வீட்டுக்கும் அனுப்பி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1959-ல் முடிவு வெளியாயிற்று. நெருக்கமான வீடுகளில், குறைந்த சாப்பாட்டில் இருந்த ஏழைகளுக்கும் ஏறக்குறைய அதே குணம் கண்டது. வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அதனால் நோய் அதிகமாகப் பற்றவும் இல்லை. ஆகவே, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்வி டாக்டருக்கே பிரயோஜனமானது.

படித்தவனுக்கு மட்டும் எல்லாம் புரிந்துவிடுகிறதா? இங்கிலாந்தில் 1995-ல், ஒரு வகைக் கர்ப்பத்தடை மாத்திரையால் ரத்தம் உறையும் அபாயம் இரண்டு மடங்காகிறது என்று சர்க்காரே எச்சரிக்கை விட்டது. பெண்கள் பயந்து நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருஷம் கருக்கலைப்புகள் சுமார் 13,000 அதிகமாயின. இரண்டு மடங்கு என்பது என்ன தெரியுமா? 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வரும், அவ்வளவுதான். கர்ப்பத்திலோ அந்த அபாயம் மாத்திரையைவிட ஜாஸ்தி! மடங்குக் கணக்கில் சொன்னது ஏமாற்றிவிட்டது. ஆதலால் யாராவது "பாதியாகக் குறையும்", "இரண்டு மடங்காகும்" என்றால், "எத்தனை பேரில் எத்தனை பேருக்கு?" என்று கேளுங்கள்.

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார்: "கேட்டால் டாக்டர் கோபித்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போ என்றால் என்ன செய்வது?" கோபிக்கிறவர்களும் உண்டு, கேட்டால் சந்தோஷப்படுகிறவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். கேட்கவேண்டியதை வீட்டிலேயே எழுதிக்கொண்டு, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். சம்மதப் பத்திரம் இங்கிலீஷில் இருந்தால் தமிழில் படித்துச் சொல்லும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். வைத்தியக் குறிப்புகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும் என்று மெடிக்கல் கவுன்சிலின் 2002-ம் வருஷத்து விதி இருக்கிறது. அதைக் கேட்கச் சண்டை போடவேண்டியதில்லை. தேதி போட்டு எழுதிக் கொடுத்து, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்.