நம் நாளுக்கு ஏற்ற நாய்



பிழைப்பின் பொருட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர் இல்லங்களில் இன்று நாய் வளர்க்கும் ஆவல் பெருகி வருகிறது. நம் கிராமங்களில் நாய் பெரும்பாலும் வாசலோடு நின்றுவிட்ட பிராணி. தெருவிலும் தோட்டத்திலும் வயல்வரப்பிலும் தன் இச்சைப்படி ஓடித் திரிந்துவிட்டு, சோற்று வேளைக்கு வீடு வந்து சேரும். அதற்கு எவ்வளவு ஓட்டம் வேண்டும் என்று கணக்கிடும் அவசியம் நம் முன்னோருக்கு நேரவில்லை. மூன்றாம் மாடியிலோ, இரண்டு அறை கொண்ட அரசாங்கக் குடியிருப்பிலோ வாழும் நமக்கு அக்கணக்கு இன்றியமையாததாகிவிட்டது. இங்கே நாயின் ஓட்டம் முழுவதும் நம்முடைய கால்களை நம்பியிருக்கிறது. ஆகையால், நம் அன்றாட வாழ்வின் போக்கிற்கு எத்தகைய நாய் பொருந்தும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்பது பழமொழி. அதன் பிற்பாதி கண்கூடு. முற்பாதிதான் ஆராயத்தக்கது. இன்று நாம் விலை கொடுத்து வாங்கும் இனங்களுள் பல, ஏதேனும் ஒரு வேலைக்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. பார்டர் கோலி, பிரிட்டனின் மலைச்சரிவுகளில் ஆட்டு மந்தையை மடக்கித் திரட்டியது. பீகிள், கூட்டமாகச் சென்று முயலின் மோப்பத்தைப் பின்பற்றியது. லாப்ரடார், சுடப்பட்ட பறவைகளை நீரிலிருந்தும் புதரிலிருந்தும் கவ்வி வந்தது. சைபீரிய ஹஸ்கி, பனிவெளியில் சறுக்குவண்டி இழுத்தது. நம் வீட்டிற்கு வந்தபின் அந்த வேலை போய்விட்டது. வேலைக்காக உடம்பில் ஊறிய துடிப்பு மட்டும் போகவில்லை. அத்துடிப்பிற்கு வடிகால் இல்லாதபோது நாய் செருப்பைக் கடிக்கிறது, கதவைப் பிறாண்டுகிறது, ஓயாமல் குரைத்து அண்டை வீட்டாரின் பகையைத் தேடித் தருகிறது. குறும்பு என்று நாம் பெயரிடுவதில் பெரும்பகுதி வேலையின்மையின் விளைவே ஆகும்.

எனவே நாயைத் தேடிப் புறப்படுமுன், ஒரு தாளை எடுத்து நம்முடைய நாளை அதில் எழுதிப் பார்ப்பது நலம். வீடு எத்தனை மணி நேரம் பூட்டிக் கிடக்கிறது? காலையில் நாயுடன் நடக்கப்போவது யார்? மாலையில் யார்? இந்தக் கணக்கை ஞாயிற்றுக்கிழமையை வைத்து எழுதலாகாது. அலுவலகமும் பள்ளியும் உள்ள புதன்கிழமையை வைத்து எழுத வேண்டும். குழந்தைகள் தரும் வாக்குறுதியையும் வரவில் சேர்க்கலாகாது. அது தேர்வுக் காலம் வரையில்தான் நிற்கும். ஊரிலிருந்து வந்து சில மாதங்கள் தங்கும் வயதான பெற்றோர், இழுத்துக்கொண்டு ஓடும் பெரிய நாயின் வாரைப் பிடித்து நிற்க இயலாது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்வாறு கிடைக்கும் நேரம் காலையும் மாலையும் இருபது நிமிடம் என்றால், அமைந்த சுபாவமுள்ள நாயே நமக்கு உரியது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்குக் குறையாமல் நடையும் விளையாட்டும் தர முடியுமானால் லாப்ரடார் போன்றதைக் கருதலாம். அதற்கு உணவில் ஆசை மிகுதி. உழைப்பு குறைந்தால் விரைவில் பருத்துவிடும். பார்டர் கோலி போன்றவற்றிற்கு ஒன்றரை மணி, இரண்டு மணி நேர ஓட்டத்துடன் மூளைக்கும் வேலை தர வேண்டும். இவையெல்லாம் தோராயமான அளவுகளே. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுள்ளும் ஒன்று துள்ளும், மற்றொன்று தூங்கும்.

உருவத்தைக் கண்டு ஏமாறுவோர் பலர். சிறிய நாய்க்குச் சிறிய வீடு போதும் என்று எண்ணுகிறார்கள். நரியை வளையிலிருந்து விரட்டுவதற்கென்று வளர்க்கப்பட்ட ஜாக் ரஸ்ஸல் டெரியர் கைக்கடக்கமானது. ஆனால் அதன் துடிப்பு ஒரு வீட்டையே ஆட்டிவைக்கும். கன்றுக்குட்டியளவு உயரமுள்ள கிரேட் டேன், அன்றாட நடை முடிந்தபின் பெரும்பாலும் படுத்தே கிடக்கும். பொமரேனியன் என்ற பெயரில் நம் நாட்டில் நெடுநாளாக வளர்ந்து வரும் இந்திய ஸ்பிட்ஸுக்கு அதிக நடை தேவையில்லை. எனினும் ஒவ்வொரு காலடியோசைக்கும் அது குரல் கொடுக்கும். மெல்லிய சுவர்களுள்ள குடியிருப்பில் இதையும் எண்ண வேண்டும்.

வடநாட்டில் வாழும் நமக்குப் பருவமும் ஒரு பெரிய விஷயம். நாய் நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. இரைத்தே உடற்சூட்டைத் தணித்துக் கொள்கிறது. தில்லியில் மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது, விடியற்காலையிலும் இரவிலும் மட்டுமே நாயை வெளியே அழைத்துச் செல்ல இயலும். புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்து, சில விநாடிகள் பொறுக்க முடியாவிட்டால் அதன் பாதங்களாலும் பொறுக்க முடியாது. ஈரடுக்கு உரோமம் போர்த்த ஹஸ்கிக்கு ஓட்டம் மிகுதியாகத் தேவை; நமது கோடையோ அதை ஓட விடாது. பக் என்னும் சப்பை மூக்கு நாய்க்கு ஓட்டம் குறைவாகவே போதும். ஆனால் அதன் குறுகிய மூச்சுவழி வெப்பத்தைத் தாங்காது.

பிறந்த மண்ணின் நினைவால் சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம், கோம்பை ஆகிய நம் நாட்டு நாய்களை வளர்க்க விரும்புவோரும் உளர். 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகளுள் இராஜபாளையமும் இடம்பெற்றது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரதமர் தம் வானொலி உரையில் இவ்வினங்களைப் பெயர் கூறிப் பாராட்டினார். பெருமைக்குரியவைதாம். ஆயினும் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள். சுற்றுவேலியுள்ள திறந்த வெளியில் ஒரு பாய்ச்சல் ஓடிவிட்டால், வீட்டில் ஆச்சரியப்படத்தக்க அமைதியுடன் படுத்திருக்கும். அத்தகைய வெளி இல்லையேல், பூனை ஒன்று குறுக்கே போன கணத்தில் வாரை அறுத்துக்கொண்டு சாலையில் பாயும். மெல்லிய உரோமமாதலால் தில்லிக் குளிரில் போர்வையும் வேண்டும். இராஜபாளையமும் கோம்பையும் காவலில் தேர்ந்தவை. அந்நியர் ஓயாமல் ஏறி இறங்கும் மாடிப்படிகள் அவற்றிற்கு உகந்த இடமல்ல.

குட்டியைத்தான் வாங்க வேண்டும் என்ற நியதியும் இல்லை. குட்டியின் சுபாவம் வளர்ந்தபின்தான் தெளிவாகும். முதல் இரண்டாண்டுகள் எவ்வினமும் துள்ளும் பருவமே. மூன்று, நான்கு வயதான நாயின் துடிப்பு கண்முன்னே தெரிகிறது. காப்பகங்களில் அத்தகைய நாட்டு நாய்கள் பல காத்திருக்கின்றன. அழைத்து வருமுன் இரண்டு மூன்று நாட்கள் சென்று, அதனுடன் நடந்து பாருங்கள். நடந்தபின் அது இளைப்பாறுகிறதா, இன்னும் ஓட்டம் கேட்கிறதா என்பதைக் கவனியுங்கள். பராமரிப்பவரிடம் அதன் இயல்பைக் கேட்டறியுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று சிலர் வினவலாம். பொருந்தாத நாயின் கதி பெரும்பாலும் பால்கனிச் சங்கிலியில் முடிகிறது. அல்லது மாற்றல் உத்தரவு வந்த நாளில் தெருவில் முடிகிறது. தில்லியிலிருந்து சென்னை ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். குளிர்சாதன முதல் வகுப்பில் தனி அறை முழுவதையும் அமர்த்திக்கொண்டால் நாயை உடன் அழைத்துச் செல்லலாம். இல்லையேல் கார்டு வண்டியின் நாய்க்கூண்டில்தான் அது பயணம் செய்ய வேண்டும். ஓடத் துடிக்கும் பிராணிக்கு அது எத்தகைய சோதனை என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நெடுநேரம் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குத் தக்க உடற்பயிற்சி அளிக்காமல் விடுவதை, 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் கொடுமைகளுள் ஒன்றாகவே வகுத்திருக்கிறது. சட்ட வாசகங்களை மொழிபெயர்த்துப் பழகிய எனக்கு, ஒரு நாயின் நடைக்காக நாடாளுமன்றம் ஒரு வாக்கியத்தை ஒதுக்கியது வியப்பளிக்கிறது. இச்சட்டம் பிறக்க மாநிலங்களவையில் பாடுபட்டவர் நம் ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள். 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே.

தாளில் எழுதிய கணக்கில் இருபது நிமிடமும் மிஞ்சவில்லையானால், இப்போதைக்கு நாய் வேண்டாம் என்று முடிவு செய்வதும் அன்பின் ஒரு வடிவமே. காப்பகத்து நாய் ஒன்றை விடுமுறை நாளில் நடத்திச் செல்லலாம். குழந்தைகளின் ஆசையும் ஓரளவு தீரும். நேரம் மிஞ்சுமானால், அந்நேரத்திற்கு ஏற்ற நாயைத் தேர்ந்து கொள்ளுங்கள். மாலையில் நீங்கள் கதவைத் திறக்கும்போது, அதுவும் நீங்களும் ஒரே அளவு களைப்புடன் உறங்கக்கூடிய வாழ்வு அமையும்.