அன்பு முதலா, அறிவு முதலா?

பெரியோர்களே, செவிலியர் கல்லூரி ஆசிரியர்களே, முன்வரிசை காலியாக இருந்தும் பின்வரிசையில் போய் உட்கார்ந்திருக்கும் உதவியாளர்களே, அனைவருக்கும் வணக்கம்.

புணே நகரத்தில் தமிழில் நடக்கும் ஒரு கருத்தரங்குக்குத் தலைமை தாங்கச் சொன்னபோது மகிழ்ச்சியோடு கொஞ்சம் உதறலும் இருந்தது. உங்களில் பலர் வார்டில் வளர்ந்தவர்கள். நான் ஏட்டில் வளர்ந்தவன். அழைப்பிதழில் உள்ள தலைப்பு, முதியோர் இல்லங்களில் செவிலிய உதவியாளருக்கான அடிப்படைத் திறன்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுவது, யூரின் பேக்கை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்கவிடுவது எல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றுக்குத் தனி அமர்வுகள் இருக்கின்றன. நான் பேச நினைப்பது ஒரு வரிசையைப் பற்றி.

பராமரிப்பு என்றதும் திருக்குறளின் மருந்து அதிகாரத்துக் கடைசிக் குறளைச் சொல்லாமல் நம் பேச்சாளர்கள் மேடையிலிருந்து இறங்குவதில்லை. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பார்த்துக்கொள்பவர் என நான்கு கூறு. எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் பரிமேலழகர் உரையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பார்த்துக்கொள்பவருக்கு அவர் நான்கு இலக்கணம் சொல்கிறார்: நோயாளியிடம் அன்பு, தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வன்மை, அறிவு. வாக்படரின் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயத்திலும் இதே நான்கு, இதே வரிசை. அன்பு முதலில், அறிவு கடைசியில்.

இன்னோர் ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் வரிசை வேறு. அதன் சூத்திரஸ்தானம் என்ற பகுதியின் ஒன்பதாம் அத்தியாயத்தில் பணிவிடை பற்றிய அறிவு முதலில் வருகிறது, அடுத்தது கைத்திறன். அன்பும் தூய்மையும் அதற்குப் பிறகுதான். முன்பொரு கருத்தரங்கில் இதைச் சொன்னபோது, நான் பெரிதும் மதிக்கும் வடமொழி அறிஞர் ஒருவர் எழுந்து, "செய்யுளில் இடம் கிடைத்த இடத்தில் சொல் உட்காரும், அதில் போய்க் கொள்கை தேடுகிறீர்களே" என்றார். அவை சிரித்தது. சரி, செய்யுளை விடுவோம். பதினைந்தாம் அத்தியாயத்தில் உரைநடையே இருக்கிறது.

அந்த உரைநடையும் ஒழுக்கம், தூய்மை, அன்பு என்றுதான் தொடங்குகிறது. அதை மறைத்து வாதாட மாட்டேன். ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. சமைக்கத் தெரிந்தவர், குளிப்பாட்டத் தெரிந்தவர், உடம்பு பிடித்துவிடத் தெரிந்தவர், எழுப்பத் தெரிந்தவர், படுக்கவைக்கத் தெரிந்தவர், மருந்து அரைக்கத் தெரிந்தவர் என்று வேலை வேலையாக எண்ணிக்கொண்டு போகிறது. எழுப்புவது ஒரு திறன், படுக்கவைப்பது இன்னொரு திறன்! பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். நோயாளி தங்கும் வீட்டில் கழிப்பிடமும் குளிக்கும் இடமும் இருக்க வேண்டும் என்பதைக்கூட அந்த அத்தியாயம் விடவில்லை.

அது அரசனுக்கும் பணக்காரனுக்கும் எழுதிய வேலைக்காரர் பட்டியல்தானே என்று கேட்டவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் அதே அத்தியாயம், நோய் ஏழையை விட்டுவைப்பதில்லை, கிடைத்ததைக் கொண்டு மருத்துவம் செய் என்றும் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறது. வேலைக்காரர் பட்டியல் என்றே வைத்துக்கொண்டாலும் எனக்கு நட்டமில்லை. கையில் காசுள்ளவன் எதைத் தேடிப் பிடித்துக் கூலிக்கு அமர்த்துகிறானோ, அது எல்லோருக்கும் இயல்பாக வந்துவிடுகிற காரியமாக இருக்க முடியாது.

அன்பை முதலில் வைத்துப் பேசும் பழக்கம் நம் வரலாற்றாசிரியர்களையும் விடவில்லை. இந்த ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1897 பிளேக்கில் சாவித்திரிபாய் புலே தம் மகன் யஷ்வந்தின் மருத்துவ முகாமில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார், நோய் தொற்றி மார்ச் 10 அன்று இறந்தார். நோயுற்ற சிறுவனை அவர் சுமந்து வந்ததைச் சொல்லிக் கண் கலங்குகிறோம். அந்த முகாமுக்குத் தண்ணீர் யார் கொண்டுவந்தார், துணியை யார் துவைத்தார் என்று கேட்கிறவர் அரிது. தியாகம் என்று கும்பிட்டாயிற்று. வேலையைப் பற்றி விசாரிப்பது ஏதோ மரியாதைக் குறைவு போலாகிவிட்டது.

ரமாபாய் ரானடே 1909இல் இங்கே தொடங்கிய சேவா சதனின் கதையும் அப்படித்தான். சாஸூன் மருத்துவமனையில் பெண்கள் செவிலியர் பயிற்சி பெற அது வழி செய்தது. அதைச் சமூகச் சீர்திருத்த அத்தியாயத்தில் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். அங்கே பயிற்சிக்கு வந்த விதவைகளுக்கு நோயாளியைப் பார்த்துக்கொள்வது புதிதா என்ன? மாமனார் மாமியாருக்குக் கூலியில்லாமல் செய்துவந்ததுதான். ரமாபாய் அதோடு சேர்த்தது பயிற்சியையும் தகுதியையும். வரலாறு எழுதுகிறவர்கள் முதலில் பேச வேண்டியது அதைத்தான்.

ஏட்டுச் சண்டைக்கும் படுக்கைக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். முதுகில், வால் எலும்பின் மேல், தோல் சிவந்திருக்கிறது. அன்புள்ள மகள் என்ன செய்வாள்? தேய்த்துவிடுவாள். ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டுத் தேய்ப்பது நம் வார்டுகளிலேயே நெடுநாள் வழக்கம். அழுத்தத்தால் நைந்துபோன இடத்தைத் தேய்த்தால் அடியில் உள்ள திசு இன்னும் சிதையும்; தேய்க்காதே, அந்தப் பக்கம் படுக்கவிடாதே என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். காற்று மெத்தை வாங்கிப் போட்டுவிட்டோம், இனிப் புரட்ட வேண்டாம் என்று நினைப்பதும் பாசத்தோடுதான். (சரகரின் பட்டியலிலும் உடம்பு பிடித்துவிடுபவர் இருக்கிறாரே என்று யாரும் எழுமுன் சொல்லிவிடுகிறேன்: எங்கே பிடிக்கக்கூடாது என்று தெரிவதும் அந்தத் திறனில் சேர்த்தி.)

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியர் அருணா ஷான்பாக், தாக்கப்பட்டு நினைவிழந்து, 1973 முதல் 2015 வரை படுக்கையில் இருந்தார். படுக்கைப்புண் ஒன்றுகூட வரவில்லை என்பது 2011 மார்ச் 7 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. கருணைக்கொலை விவாதத்துக்காக அந்தத் தீர்ப்பைப் புரட்டிய சட்டக் கட்டுரைகள் ஏராளம். நமக்கு அது வேறு வகையில் ஆவணம். ஷிப்டு மாறினாலும் விட்டுப்போகாமல் புரட்டி, துடைத்து, உலர்த்தி, ஊட்டிய கைகளின் கணக்கு அதில் இருக்கிறது. அன்பு இல்லாமல் அது நடந்திராது என்று நண்பர்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். அன்பால் மட்டும் நடந்தது என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

1947இன் இந்திய செவிலியர் குழுமச் சட்டம் செவிலியரையும் மருத்துவச்சியையும் பதிவேட்டில் ஏற்றியது. உதவியாளருக்கு அது இடம் தரவில்லை. இப்போது 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' என்ற பெயரில் திறன் மேம்பாட்டுச் சான்றிதழ் தருகிறார்கள். நல்லதுதான். ஆனால் உதவியாளர்களை வீட்டுக்கு அனுப்பும் ப்யூரோவுக்குப் போன் செய்து ஆள் கேட்கும் குடும்பம் அந்தச் சான்றிதழைக் காட்டச் சொல்கிறதா? உதவியாளரை மாவ்ஷி என்றுதான் இங்கே கூப்பிடுகிறார்கள்; "பொறுமையான மாவ்ஷியா அனுப்புங்க" என்பதோடு விசாரணை முடிகிறது. சம்பளத்தை உயர்த்திக் கேட்டால் சேவை மனப்பான்மை இல்லை என்ற பேச்சும் வந்துவிடுகிறது.

நாளை மாலை நிறைவேற்ற வேண்டிய தீர்மானத்தின் வரைவை அமைப்பாளர்கள் காலையில் என்னிடம் கொடுத்தார்கள். 'அன்பும் அர்ப்பணிப்பும் மிக்க உதவியாளர்களை உருவாக்குவோம்' என்று தொடங்குகிறது. பயிற்சி நான்காம் பத்தியில் வருகிறது, ஊதியம் எங்குமே வரவில்லை. பயிற்சியை முதல் பத்திக்குக் கொண்டுவந்து ஊதியத்தை அதன் பக்கத்தில் உட்காரவைத்தால், தலைவர் என்ற முறையில் கையெழுத்துப் போடுகிறேன். அன்பு மூன்றாவதாக வரட்டும். சரகர் வைத்த இடமும் அதுதான். மாற்று வாசகம் எழுத, பின்வரிசையிலிருந்து இரண்டு பேர் இப்போதே முன்னால் வந்து உட்காருமாறு கேட்டுக்கொள்கிறேன்.