அஞ்சல் வழியில் உயிரியல்



விடியற்காலையில் ஜங்லிகாட் மீன் இறங்குதுறையில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறவாது. சூரையும் வஞ்சிரமும் களவாவும் கூடை கூடையாகக் கரையேறும். விலை கூறுவோரின் குரல் ஓயாது. அந்த ஆரவாரத்தினிடையே வளர்ந்த பிள்ளை ஒருவன், அல்லது பெண் ஒருத்தி, பள்ளியில் விஞ்ஞானம் படித்துத் தேறிய கையோடு குடும்பத்தின் பொருட்டு ஒரு கடையில் வேலைக்கு அமர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். உயிரியலில் பட்டம் பெறும் ஆசை மட்டும் உள்ளத்தை விட்டு அகலவில்லை. வேலையை விடாமல், தொலைதூரக் கல்வியால் அப்பட்டத்தைப் பெற இயலுமா?

இயலும். ஆனால், முழுவதையும் வீட்டிலிருந்தே பெற இயலாது. இந்த ‘ஆனால்’ என்னும் சொல்லின் பொருளைத் தொடக்கத்திலேயே உணராதவர், பிற்பாடு ஆண்டுகளை இழக்க நேரிடும். ஆகவே அதனையே இன்று விளக்க விரும்புகிறேன்.

கல்லூரிக்குச் செல்லாமலே பட்டம் பெறுவது புதிய வழக்கமன்று. லண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலேயே வெளியிடங்களில் பயின்றவர்களுக்கும் தன் தேர்வுகளைத் திறந்துவிட்டது. நம் நாட்டில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல் வழிப் பாடங்களைத் தொடங்கியது. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரிலும் அதற்கு மண்டல மையம் உண்டு.

அப்பல்கலைக்கழகத்தில் பாடங்களின் அளவை ‘கிரெடிட்’ என்று கணக்கிடுகிறார்கள். ஒரு கிரெடிட் என்றால் முப்பது மணி நேர உழைப்பு. நான்கு கிரெடிட் கொண்ட ஒரு பாடத்துக்கு 120 மணி நேரம் வேண்டும். கடை அடைத்து வந்தபின் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அதனை நான்கு மாதங்களில் முடிக்கலாம். இதுவரை தடையொன்றுமில்லை.

தடை எங்கே வருகிறது? செய்முறைப் பயிற்சியில் வருகிறது. வரலாற்றை நூல் கொண்டே கற்கலாம். உயிரியலோ கண்ணாலும் கையாலும் கற்க வேண்டிய கலை. வெங்காயத் தோலை உரித்துச் சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அதன் உயிரணுக்களைத் தானே கண்டறிந்தவனுக்குத்தான் நூலிலுள்ள படம் பேசும். ஆதலால், ஆலோசனை வகுப்புகளுக்கு வருவதும் வராததும் மாணாக்கரின் விருப்பம் என்று விட்டுள்ள அதே பல்கலைக்கழகம், செய்முறைப் பயிற்சிக்கு வந்தே தீரவேண்டும் என்று விதித்திருக்கிறது. எழுத்துத் தேர்வுகள் அனைத்திலும் தேறினாலும், இப்பயிற்சி குறைந்தால் பட்டம் கைக்கு எட்டாது.

சென்னையிலிருந்து அந்தமானுக்கு இடப்பட்ட கடலடிக் கம்பி 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதன்பின் பாடங்களை இணையத்தில் பெறுவது எளிதாயிற்று. ஆயினும் அக்கம்பி சொல்லைச் சுமந்து வருமேயன்றி, நுண்ணோக்கியைச் சுமந்து வராது.

ஆகையால், பணம் கட்டுமுன் மண்டல மையத்துக்குச் சென்று மூன்று வினாக்களைக் கேளுங்கள். நான் விரும்பும் பாடத்துக்குச் செய்முறைப் பயிற்சி எந்த ஊரில் நடைபெறும்? எந்த மாதத்தில் நடைபெறும்? எத்தனை நாள் நடைபெறும்? விடை ‘சென்னை’ என்று வருமாயின், கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் வழி, திரும்பவும் அவ்வளவே. விடுப்பும் பயணச் செலவும் தங்கும் இடமும் படிப்புக் கட்டணத்தோடு சேர்ந்த செலவுகளே. வேலை கொடுத்த முதலாளியிடமும் வீட்டாரிடமும் அந்நாட்களை முன்னதாகவே கேட்டுப் பெறுங்கள். பெற்றோரே, ‘வீட்டிலிருந்துதானே படிக்கிறாள்’ என்று எண்ணி, அந்தச் சில நாட்களை மகளுக்கு மறுத்துவிடாதீர்கள். அவளுடைய பல ஆண்டு உழைப்பு அந்நாட்களில்தான் பலன் காண்கிறது.

இன்னொன்று. மருத்துவம், செவிலியர் கல்வி முதலியவற்றைத் தொலைதூர வழியில் கற்க அனுமதி இல்லை. அவ்வாறு கற்பிப்பதாக விளம்பரம் செய்வோரை நம்பாதீர்கள். ஏனைய பட்டங்களுக்கும் பல்கலைக்கழக மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். அங்கீகாரம் பெற்ற தொலைதூரப் பட்டம் கல்லூரிப் பட்டத்துக்கு நிகரானது என்று அக்குழு 2022இல் தெளிவாக அறிவித்துள்ளது.

தமிழ் வழியில் பயின்றவர்க்கு ஆங்கிலப் பாடநூல் மலைப்பூட்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தை இரு பத்தியாக வகுத்து, ‘செல்’ என்பதற்கு எதிரே உயிரணு, ‘ஜீன்’ என்பதற்கு எதிரே மரபணு என்று எழுதி வாருங்கள். 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் இதற்கு நல்ல துணை. பொருள் தமிழில் விளங்கிவிட்டால், அதனை ஆங்கிலத்தில் எழுதுவது பழக்கத்தால் வந்துவிடும்.

ஜங்லிகாட்டு மாணாக்கருக்குப் பெருநகரத்தாருக்கு இல்லாத பேறு ஒன்றும் உண்டு. களவா இனத்தில் பல வகை மீன்கள் பெண்ணாக முதிர்ந்து, பின்னர் ஆணாக மாறுகின்றன என்று நூலில் படிப்பவர், மறுநாட் காலை அந்த மீனையே கையில் எடுத்துப் பார்க்கலாம். 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் தென் அந்தமான் தாழ்ந்ததால், சிப்பிகாட் வயல்களுள் கடல்நீர் புகுந்தது. சூழல் மாறினால் உயிர்கள் என்னவாகும் என்பதற்கு அவ்விடமே ஒரு பாடம். ஹாடோவிலுள்ள விலங்கியல் ஆய்வகத்தின் காட்சிசாலையும் அருகிலேயே இருக்கிறது. இவை பயிற்சிக்கு ஈடாகா. ஆனால் பயிற்சிக்கு வேண்டிய கண்ணைத் தரும்.

மும்பையிலோ கொல்கத்தாவிலோ வாழும் தமிழ் நேயர்களுக்கும் இதுவே பொருந்தும். பாடம் அஞ்சலில் வரும்; பயிற்சிக்கு நாம்தான் செல்ல வேண்டும். செல்லும் நாட்களை முதலில் உறுதி செய்துகொண்டு, பிறகு விண்ணப்பத்தில் கையொப்பம் இடுங்கள்.