உள்ளத்தின் நோய்க்கு நாம் இடும் பெயர்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

    

யான் புலவனும் அல்லேன், மருத்துவனும் அல்லேன். பள்ளியிறுதியோடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிபவன். எனினும், ஒரு சொல்லின் பொருள் விளங்காமையால் என் இல்லம் உற்ற துன்பம் என்னை இம்மேடையில் ஏற்றிவிட்டது.

என் தந்தையார் மறைந்தபின், அன்னையார் உணவும் உறக்கமும் இழந்து, சுவரை நோக்கியவாறே அமர்ந்திருக்கலாயினார். மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் அன்போடு, "மனஸ்ஸில் விஷமம் உண்டோ, அம்மே?" என்று வினவினார். மலையாளத்தில் விஷமம் என்றால் துயரம். கிழக்கேகோட்டைத் தெருவைத் தாண்டி அதிகம் பழகாத என் அன்னையாரோ, "நான் யாருக்கு என்ன விஷமம் செய்தேன்?" என்று கண்கலங்கி எழுந்துவிட்டார். மீண்டும் அவரை அழைத்துச் செல்ல எட்டுத் திங்கள் ஆயின. குற்றம் மருத்துவருடையது அன்று. இரு மொழிக்கும் இடையே நின்றும் ஒரு சொல்லை எடுத்துரைக்காத என்னுடையதே.

அதன்பின்னரே இச்சொற்களை ஆராயத் தலைப்பட்டேன். மன அழுத்தம் வேறு, மனச்சோர்வு வேறு. வேலைச்சுமையாலோ கடனாலோ உண்டாகும் நெருக்கடி அழுத்தமாகும். சுமை நீங்கினால் பெரும்பாலும் தணியும். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்றி, உணவும் உறக்கமும் கெட்டு, உள்ளம் ஒடுங்கிக் கிடப்பது மனச்சோர்வு. இதனை மலையாளத்தார் விஷாதரோகம் என்பர். பதற்றத்தை அவர்கள் உத்கண்ட என்பர். பிறர்க்குக் கேளாத குரல் கேட்பதும், இல்லாததை உண்டென உறுதியாக நம்புவதும் மனச்சிதைவின் அறிகுறிகளாம்.

இவற்றையெல்லாம் பைத்தியம் என்னும் ஒரே சொல்லுள் அடக்கிவிடுகிறோம். பித்து, பைத்தியம் என்னும் இரண்டுமே பித்தம் என்னும் மருத்துவச் சொல்லின் வழிவந்தவை. மிகுந்த பித்தத்தைத் தணிக்க மருந்து தேடினர் முன்னோர். நாமோ அச்சொல்லை வசையாக்கினோம். நம் நகரத்து ஊளம்பாறையையும் சென்னைக் கீழ்ப்பாக்கத்தையும் ஏளனப் பெயர்களாக்கினோம். நோய் தீர்க்கும் இடத்தின் பெயரே இழிவானால், நோயாளி அங்கே செல்வது எங்ஙனம்?

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் நேர்ந்த தீயை மறக்கலாகுமோ? சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தப்ப இயலாது மாண்டனர். சொல்லால் ஒருவனை மனிதரினின்று பிரித்துவிட்டால், சங்கிலி பூட்டக் கை கூசுவதில்லை.

சொல்லை மாற்றுதல் இயலாததன்று. ஜப்பானியர் மனச்சிதைவுக்கு வழங்கிய பெயர் மனம் பிளந்த நோய் எனப் பொருள்படுவது. நோயாளர் குடும்பத்தாரின் வேண்டுகோளை ஏற்று, 2002-இல் அதனை நீக்கி வேறு பெயர் இட்டனர். அதன்பின், நோயாளியிடம் நோயின் பெயரை மறையாது உரைக்கும் மருத்துவர் தொகை பெருகிற்று. நம் நாட்டிலும் 1912-ஆம் ஆண்டுச் சட்டம் பித்தர் என்று குறித்தவர்களை, 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மனநோய் உள்ள மனிதர் என்று குறிக்கின்றது. அவர்களைச் சங்கிலியால் பிணிப்பதையும் தடை செய்கின்றது.

ஆதலின் நம் சங்கத்தாரை ஒன்று வேண்டுகிறேன். இச்சொற்களைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு தாளில் எழுதி, நம் படிப்பகச் சுவரில் ஒட்டுவோம். அதன்கீழ், 2022 முதல் இந்திய அரசு நடத்திவரும் மனநலத் தொலைபேசி எண் 14416-ஐயும் எழுதுவோம். எழுதித்தரும் பணியை யானே ஏற்கிறேன்.

என் அன்னையார் மருத்துவம் பெற்று நலமடைந்தார். இன்று காலை இம்மண்டபத்து வாயிலில் கோலமிட்டவர் அவரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் இசைவு பெற்றே இவற்றைக் கூறினேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!